அம்மாவுக்கு ஒரு மிதப்பு

அப்பாவின் போன் வந்தபோது மணி நாலரை.

“குண்டூசி, கவனமா கேளு. இங்க நாப்பது யூனிபார்ம் இன்னைக்கே வேணுங்கறாங்க. நான் வீட்டுக்கு வர ஏழு மணி ஆயிடும். அம்மா அஞ்சரைக்கே வந்துடுவா. மிதப்பு நீதான் போடணும்.”

“நானா?”

“நீதான். எத்தனை தடவை பார்த்திருக்கே. சோடா ஃப்ரிட்ஜுல இருக்கு, ஐஸ்க்ரீம் மேல இருக்கு. அடடா, இந்தச் சட்டைக்குப் பட்டனை முதுகுப் பக்கம் வெச்சுட்டேனே...”

அதோடு போன் நின்றுவிட்டது.

அப்பா தையல்காரர். பத்து வயதுப் பெண்ணுக்குக் குண்டூசி என்று பெயர் வைக்க வேறு யாருக்குத் தோன்றும்? ஆள் ஒல்லி, பேச்சு கூர்மை என்று காரணம் வேறு சொல்வார். ஆறு வயதுத் தங்கைக்குப் பட்டாணி என்று பெயர். அவள் ஓரிடத்தில் நிற்க மாட்டாள், உருண்டுகொண்டே இருப்பாள்.

மிதப்பு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டாணியின் டீச்சர் மாதிரிதான் ஆகும். அவர் ஒருநாள், “உனக்கு ரொம்ப மிதப்பு” என்று பட்டாணியைத் திட்டினார். பட்டாணி சந்தோஷமாகத் தலையாட்டி, “ஆமா டீச்சர், ஐஸ்க்ரீமும் இருக்கும்” என்றாள். டீச்சர் அன்று முழுவதும் அதை யோசித்துக்கொண்டிருந்தாராம்.

உயரமான கண்ணாடி டம்ளர், அது நிறைய ஆரஞ்சு சோடா, அதன்மேல் வெண்ணிலா ஐஸ்க்ரீம் ஒரு பெரிய உருண்டை. உருண்டை மிதக்கும். அதனால் அது மிதப்பு. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது அவர் தெருமுனைக் கடையில் விற்றார்களாம். அவரும் அவர் கூட்டாளிகளும் ஒரு விதியே போட்டிருந்தார்கள். யார் நல்ல காரியம் ஒன்று செய்தார்களோ அவர்களுக்கு மிதப்பு. ஐஸ்க்ரீம் மிதக்கும் வரை அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பெருமை அடித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். கரைந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு தரைக்கு வந்துவிட வேண்டும்.

அந்த விதி இப்போது இந்த வீட்டிலும் இருந்தது. குண்டூசி நீச்சல் கற்றபோது ஒரு மிதப்பு. பட்டாணிக்குப் பல் விழுந்ததற்குக்கூட ஒன்று. அப்பா ஒழுகிய குழாயைச் சரிசெய்து, பாதி டம்ளர் தீரும்வரை தன் புகழ் பாடினார். மறுநாள் குழாய் மறுபடியும் ஒழுகியது, அது வேறு விஷயம்.

அம்மா மட்டும் ஒரு மிதப்புகூடக் குடித்ததில்லை.

கேட்டால் ஏதாவது ஒரு சாக்கு. “எனக்கு எதுக்குடி, நீங்க குடிங்க” என்பார். ஒன்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுவிட்டு, பெரிய வண்டி ஓட்டும் லைசென்ஸ் வாங்கி வந்த அன்றும், “ஊர்ல எல்லாரும்தான் லைசென்ஸ் வாங்கறாங்க” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

இன்று அப்படி விட முடியாது. இன்று காலை அம்மா முதல் தடவையாகத் தனியாகப் பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டப் போயிருந்தார். பக்கத்தில் சொல்லிக்கொடுக்கிறவர் இல்லை. பஸ் நிறைய ஆட்கள். இன்றும் அம்மா மிதப்புக் குடிக்காவிட்டால் என்றைக்குமே குடிக்க மாட்டார் என்று குண்டூசிக்குத் தோன்றியது.

“பட்டாணி, பால்கனிக்குப் போ. அம்மா தெருவுல திரும்பினதும் கத்து. அப்போதான் ஐஸ்க்ரீமை வெளிய எடுக்கணும்.”

“எனக்கு என்ன தருவே?”

“டப்பா ஓரத்துல ஒட்டியிருக்கிறதை.”

பட்டாணி உருண்டு ஓடினாள்.

அதற்கு முன்பு ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம் என்று குண்டூசி நினைத்தாள். நினைத்தது சரிதான், செய்தது சரியில்லை. பெரிய டம்ளரில் ஐஸ்க்ரீம் உருண்டையைப் போட்டாள். பாட்டிலைத் திறந்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள்.

புஸ்ஸ்ஸ்.

ஆரஞ்சு நிற நுரை பொங்கி எழுந்தது. டம்ளரைத் தாண்டியது, மேசையைத் தாண்டியது, அங்கிருந்து அவள் கால் விரல்களுக்கு வந்து சேர்ந்தது. டம்ளரில் மிச்சமிருந்தது வெறும் நுரையும் ஒரு பரிதாபமான வெள்ளைத் துண்டும்தான்.

சத்தம் கேட்டு வந்த பட்டாணி மேசை விளிம்பில் வாயை வைத்து உறிஞ்சினாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

“நீ பால்கனிக்குப் போடி.”

குண்டூசி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. மூடியை இறுக்கித் திருகி வைத்தாள். ஐஸ்க்ரீம் டப்பாவில் ஒரு பெரிய உருண்டைக்குத்தான் இருந்தது. அதற்குமேல் இரண்டு மூன்று கரண்டி தேறும். அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. தையல் மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது.

நூறு தடவை பார்த்திருக்கிறாள், உண்மைதான். ஆனால் அவள் பார்த்ததெல்லாம் டம்ளரை. அப்பாவின் கை என்ன செய்தது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

தரையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். ‘பொங்குதுன்னா மேல இடம் வேணும். ஒரேயடியா ஊத்தினதால பொங்குச்சோ?’

பெரிய டம்ளரில் சோதித்தால் சரக்கு தீர்ந்துவிடும். அலமாரியிலிருந்து இரண்டு குட்டி மருந்துக் கிண்ணங்களை எடுத்தாள். ஒன்றில் கரண்டி நுனியளவு ஐஸ்க்ரீமை முதலில் போட்டு, சோடாவை மேலே சட்டென்று ஊற்றினாள். புஸ். வழிந்தது. இன்னொன்றைச் சாய்த்துப் பிடித்து, சோடாவை ஓரமாகப் பாதிவரை மட்டும் விட்டாள். நுரை அடங்கும்வரை பத்து எண்ணினாள். பிறகு ஐஸ்க்ரீமைக் கரண்டியிலிருந்து மெதுவாக நழுவ விட்டாள்.

நுரை எழுந்தது. விளிம்புவரை வந்தது. எட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது.

‘ஓ, நீ இப்படியா?’ என்று குண்டூசி அதைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு கிண்ணங்களையும் காலி செய்தாள். சோதனை என்றால் முழுதாகச் செய்ய வேண்டுமே.

“அக்கா, அம்மா வர்றாங்க!”

குண்டூசி ஃப்ரீசரிடம் பாய்ந்தாள்.

“இல்லக்கா, இது வேற காக்கிச் சட்டை. மீசை இருக்கு.”

“மீசை இருந்தா எப்படிடி அம்மாவாகும்?”

“மேலேருந்து பார்த்தா தொப்பிதான் தெரியுது. திரும்பினப்புறம்தான் மீசை வந்துச்சு.”

அஞ்சே முக்கால் ஆயிற்று. ஆறும் ஆயிற்று. குண்டூசியும் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பஸ் எங்காவது நின்றுவிட்டதோ? எதிலாவது இடித்துவிட்டதோ? அப்படியென்றால் மிதப்பைப் பார்த்ததும் அம்மாவுக்கு அழுகைதான் வரும்.

“அக்கா, இது நிஜ அம்மா. பையை ஆட்டிக்கிட்டே வர்றாங்க.”

வீடு மூன்றாவது மாடி. படி ஏற இரண்டு நிமிடம். குண்டூசி ஃப்ரீசரில் குளிர வைத்திருந்த டம்ளரை எடுத்துச் சாய்த்தாள். சோடா ஓரமாக இறங்கியது. பத்து எண்ணினாள். உருண்டையை நழுவ விட்டாள். நுரை விளிம்பில் ஒரு தொப்பி போல நின்றது, ஒரு சொட்டுகூட வழியவில்லை. நுரை கொஞ்சம் அடங்கி இடம் கிடைத்ததும் மீதிச் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். டப்பாவில் ஒட்டியிருந்ததை வழித்துத் தங்கைக்கு ஒரு கிண்ணம், தனக்கு ஒரு கிண்ணம் என்று வைத்தாள்.

கதவு திறந்தது. அம்மா செருப்பைக் கழற்றினார். முகத்தில் எண்ணெய் வழிந்தது, தலைமுடி தொப்பிக்கு ஏற்றபடி அமுங்கியிருந்தது.

“ஏன்ம்மா லேட்டு?” என்றாள் குண்டூசி.

“டிப்போல கையெழுத்துப் போட ஒரு வரிசை நின்னுச்சு. அது என்ன மேசைமேல?”

“உன் மிதப்பு.”

“எனக்கு எதுக்குடி? ரெண்டு பேரும் பாதிப் பாதி குடிங்க. நான் அரிசி கழுவறேன்.”

அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பினார். குண்டூசி வழியில் போய் நின்றாள்.

“நான் போட்டதும்மா. அப்பா போடல. நானே கண்டுபிடிச்சுப் போட்டேன். நீ குடிக்கலேன்னா எனக்கு எப்படித் தெரியும், நல்லாருக்கா இல்லையான்னு?”

அம்மா அவளைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“நல்லாருக்குடி.”

“சரி, இப்போ பேசு.”

“என்ன பேச?”

“பெருமை.”

“பஸ் ஓட்டினேன். நல்லபடியாப் போச்சு. அவ்வளவுதான்.”

“இதுக்கு ஒரு ஐஸ்க்ரீமா? பல் விழுந்ததுக்கே நான் அரை மணி நேரம் பேசினேன்” என்றாள் பட்டாணி.

அம்மா சிரித்தார். இன்னொரு வாய் உறிஞ்சினார். டம்ளருக்குள் உருண்டை சிறுத்துக்கொண்டே வந்தது. எலுமிச்சை அளவு இருந்தது நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. குண்டூசியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டால் அம்மா நல்லா இருந்தது என்றுதான் சொல்வார். அப்படிக் கேட்கக் கூடாது.

“அம்மா, மார்க்கெட்டுல அந்தக் குறுகலான வளைவுல எத்தனை தடவை ரிவர்ஸ் எடுத்தே? மூணா, நாலா?”

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

“யாரு, நானா? ரிவர்ஸா?”

“எல்லாரும் எடுப்பாங்கல்ல.”

“எல்லாரும் எடுப்பாங்க. நான் எடுக்கல. ஒரே திருப்பு. வலது பக்கம் காய்கறி வண்டி, இடது பக்கம் ஒருத்தன் குறுக்கால பைக்கை விட்டுட்டுப் போயிட்டான். நடுவுல கையகலம் இடம். பின்னாடி ஒருத்தர் சொல்றார், ‘லேடி டிரைவர், இனிமே இறங்கி நடந்துட வேண்டியதுதான்’னு. நான் கண்ணாடியில அவரைப் பார்த்தேன்.”

“திட்டினியா?”

“எதுக்குத் திட்டணும்? ‘ஐயா, கம்பியைப் பிடிச்சுக்குங்க’ன்னேன். அவ்வளவுதான். வண்டி வெண்ணெய் மாதிரி திரும்புச்சு. மொத்த பஸ்ஸும் கை தட்டுச்சு. அவரும் தட்டினார். கம்பியை விட்டுட்டுத் தட்டினாரா, அடுத்த பிரேக்குல போய்க் கண்டக்டர் மடியில உட்கார்ந்துட்டார்.”

பட்டாணி சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். அம்மாவும் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அம்மா இப்படிச் சிரித்து குண்டூசி பார்த்ததே இல்லை.

அம்மா நிறுத்தவில்லை. வண்டியின் உயரம் என்ன தெரியுமா என்றார். அங்கே உட்கார்ந்தால் லாரிக்காரர்கள்கூட நம்மை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும் என்றார். பத்து ட்ரிப், ஒன்றில்கூட ஒரு நிமிடம் தாமதமில்லை. மதியம் டிப்போ மேனேஜர் வந்து, பழைய டிரைவர்கள் முன்னால், “நாளைக்கும் பதினாலாம் நம்பர் இவங்களுக்குத்தான்” என்று சொன்னாராம். “நான் ஒண்ணும் பேசல. ஆனா உள்ளுக்குள்ள எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?”

“எப்படி இருந்துச்சு?”

அம்மா வாயைத் திறந்தார். அதற்குள் பட்டாணி டம்ளரை எட்டிப் பார்த்து, “கரைஞ்சிடு...” என்று ஆரம்பித்தாள்.

அம்மாவின் முகம் ஒரு நொடி சுருங்கியது. விதி விதிதானே.

குண்டூசி தன் கிண்ணத்தை எடுத்தாள். இன்னும் தொடாமல் வைத்திருந்த ஐஸ்க்ரீமை மொத்தமாக வழித்து அம்மாவின் டம்ளரில் மெதுவாக நழுவ விட்டாள். அது ஒருமுறை முங்கி, மேலே வந்து நின்றது.

“மிதக்குதும்மா. சொல்லு.”

அம்மா டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, “இந்த ஊர்லயே நான்தான் நல்ல டிரைவர்னு இருந்துச்சு” என்றார். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். கையை எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னார்.

வாசலில் செருப்புச் சத்தம். வேலையைச் சொன்னதைவிடச் சீக்கிரமே முடித்துவிட்டு, கழுத்தில் அளவு டேப்போடு அப்பா நின்றார். சட்டை முழுக்க நூல்.

“என்ன இங்க ஒரே சத்தம்?”

“ஏங்க, படியில நிக்காதீங்க. உள்ள ஏறி வாங்க” என்றார் அம்மா. “உட்காருங்க. அந்த மார்க்கெட் வளைவை உங்களுக்கும் காட்டறேன்.”

குண்டூசியும் பட்டாணியும் அம்மாவுக்குப் பின்னால் மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அப்பா ஓடிவந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா சாப்பாட்டுத் தட்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கினார். தட்டை மெதுவாக இடது பக்கம் திருப்பினார்.

பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் சேர்ந்தாற்போல் வலது பக்கம் சாய்ந்தார்கள்.