மௌன மண்டபத்தில் ஒரு முனகல்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் வெள்ளியங்கிரியும் அவர் மனைவி அமுதவல்லியும் செங்கரட்டு முருகன் கோயில் வாசலில் தங்கள் பெயர் பதிந்த செவிமணிகளை எடுத்துக் காதில் பொருத்திக்கொண்டார்கள். மிளகளவு கருவி. அணிந்தவரின் மூளையலைகளைப் படித்து, அந்த மனம் எதற்கு உருகுமோ அந்த இசையை அப்போதே கட்டித் தரும். ஒருவருக்கு வீணை, ஒருவருக்குத் தவில். முந்நூறு பேர் கண்ணீர் மல்க நின்றாலும் மண்டபத்தில் திரி பொரிவதுதான் கேட்கும். ஒருவர் இசையில் இன்னொருவர் குரல் கலக்கக் கூடாது என்பது விதி. கோயில் மணியை இறக்கியே இருபது வருஷமாகிறது.

தரிசனம் முடிந்ததும் ஒலிக்காப்பாளர் திலகன் இருவரையும் அலுவலகத்துக்கு அழைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க சாமி கும்பிடறப்ப முனகறீங்க. மூணு பேரு புகார் குடுத்துட்டாங்க."

வெள்ளியங்கிரிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "நானுங்களா? எனக்குத் தெரியவே தெரியாதுங்களே."

திலகன் அமுதவல்லியிடம் திரும்பினார். "பக்கத்துல நிக்கற நீங்கதான் முதல்ல புகார் குடுத்திருக்கணும்." பேசிக்கொண்டே திரையில் அவள் பதிவைத் திறந்தவர், நிமிர்ந்து பார்த்தார். "உங்க செவிமணி எட்டு வருஷமா அணைஞ்சே கெடக்குதுங்களே?"

அமுதவல்லி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மொதல்ல போட்டுட்டுத்தானுங்க இருந்தேன். அழுகையா வரும். வெளிய வந்தா, யாரோ என்னைய அழ வெச்சு அனுப்புன மாதிரி இருக்கும். ஒருநாள் காதுவலின்னு அணைச்சேன். அப்பத்தான் இவரு ஏதோ மெட்டு முனகறது கேட்டுச்சு. அதுக்கப்புறம் அதைக் கேட்டுட்டேதான் கும்பிடறேனுங்க."

திலகன் திரையில் அவள் பதிவை மூடினார். பிறகு, "விதிய மாத்த எனக்கு அதிகாரமில்லீங்க. மேற்குப் பிரகாரத்துல கண்ணாடி அறை ஒண்ணு சும்மா கெடக்குது. அங்கிருந்தும் சாமி தெரியும். சத்தம் வெளிய வராது" என்றார்.

படியிறங்கும்போது வெள்ளியங்கிரி கேட்டார்: "ஏம்புள்ள, எட்டு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா வெக்கப்பட்டு நிறுத்திருவீங்க."

அப்படியேதான் ஆயிற்று. கண்ணாடி அறையில் முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் அவருக்குத் தொண்டை திறக்கவில்லை. செவிமணியில் நாகஸ்வரம் பொழிந்தது. அவரோ உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அமுதவல்லி நாலடி முன்னாலேயே நடந்தாள்.

மூன்றாம் வாரம் அவர் செவிமணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"அப்பிடி என்னதான் முனகுனேன்? நீ பாடிக் காட்டு, பாக்கலாம்."

"அட, போங்க. எனக்கெங்க பாட வருது?"

"இங்க யாரு கேக்கப் போறா?"

அவள் சாமியைப் பார்த்தபடி மெல்லத் தொடங்கினாள். சற்றுக் கரகரத்த குரல். மெட்டு ஓரடி ஏறும், தயங்கும், பிறகு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். இத்தனை வருஷத்தில் அவள் பாடி அவர் கேட்டதில்லை. கேட்கக் கேட்க அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இது என் செவிமணியில வந்ததில்லையே, அமுதா. ஒரு நாளும் இப்பிடி வந்ததில்ல."

"பின்ன யாரு பாட்டு?"

"தெரியலயே."

அவரும் சேர்ந்து பாடிப் பார்த்தார். இரண்டாம் அடியிலேயே தடம் மாறிப்போயிற்று.

"அப்பிடியில்லைங்க, இப்பிடி" என்று அவள் திருத்தினாள்.

கண்ணாடிக்கு வெளியே ஊழியர் நேரமாகிவிட்டதென்று கைகாட்டினார். வெள்ளியங்கிரி ஒரு விரலை உயர்த்தி அவரிடம் கெஞ்சிவிட்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

"இன்னொருக்கா பாடு புள்ள. எனக்கு இன்னும் பிடிபடல."