நாலு மணிக்குள் ஒரு மெயில்

“அப்ப, மெயில் வரேல்லை எண்டு நான் பொய் சொல்லுறனோ?”

மில்ரன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது... இமையில் மழைத்துளி தொங்க, கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட இரண்டு கண்கள்.

“பொய்யெண்டு சொல்லேல்லை. நம்பரைப் பிழையாய் அடிச்சிருப்பியள் எண்டன்.”

“என்ர அடையாள அட்டை நம்பர் எனக்குத் தெரியாதோ அண்ணை?”

அண்ணை... அந்தச் சொல் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று யோசிக்கவும் பயமாக இருந்தது.

பேசாலைச் சந்தியில் அவனுடைய கொமினிகேஷன் கடை. போட்டோக்கொப்பி, போன் காட், இணையத்தில் விண்ணப்பம். நானாட்டானிலிருந்து மாமி வீட்டுக்கு வந்திருந்த கிருஷிகாவை, கார்த்திகை மழை இந்தக் கடைக்குள் தள்ளிவிட்டிருந்தது.

தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்து மூன்று வருடம் காத்திருந்தவள். இப்போது தபாலில் நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். அதற்குப் போகும் திகதியை இணையத்தளத்தில் தெரிவுசெய்ய வேண்டும். இன்று நாலு மணிக்குள். தவறினால் அவளுடைய இடம் அடுத்தவருக்கு. கடவுச்சொல் தெரியாது. புதியது கேட்டால், ‘உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டோம்’ என்கிறது தளம். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில். ஒன்றும் வந்து சேரவில்லை.

மணி மூன்று பத்து.

“ஸ்பாமுக்குள்ள பாத்தனீங்களோ?”

“பாத்தனான்.”

“மெயில்ல இடம் நிரம்பிப் போச்சோ?”

“இல்லை.”

“கொஞ்சம் பொறுத்துப் பாத்திருக்கலாம்...”

“மூண்டு கிழமை காணாதோ?”

அவன் சிரித்துவிட்டான். அவள் முறைத்தாள். பிறகு, அடக்க முடியாமல், அவள் உதட்டோரமும் அசைந்தது.

மறுபடி கேட்டுப் பார்த்தார்கள். ‘அனுப்பிவிட்டோம்.’ அவளுடைய போனின் மேல் இரண்டு தலைகளும் குனிந்தன. அவள் கூந்தலிலிருந்து ஒரு துளி மேசையில் விழுந்தது... மெயில் மட்டும் விழவில்லை.

“விண்ணப்பம் நீங்களோ போட்டது?”

“இல்லை. நான் அப்ப கொழும்பில. றோசம்மா மாமிதான் கடதாசியெல்லாம் கொண்டுபோய், இஞ்ச ஏதோ கொமினிகேஷன்ல குடுத்தவ.”

“உங்கட மெயில் விலாசத்தைக் குடுத்தவவோ?”

“மாமியோ? அவ போனையே தலைகீழாய்ப் பிடிக்கிறவ.”

மில்ரனுக்குத் திக்கென்றது. மூன்று வருடத்துக்கு முதல் பேசாலையில் இருந்தது ஒரே ஒரு கொமினிகேஷன், அவனுடையது. மெயில் விலாசம் கொண்டுவராதவர்களுக்குக் கடையின் விலாசத்தைப் போட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிடுவான். அப்போது அது ஓர் உதவியாகத்தான் தெரிந்தது.

கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பினான். கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி மூன்று கிழமைக்கு முதல் மெயிலுக்கு மேல் மெயில் வந்திருந்தது. யாரோ கள்ளன் கடைக் கணக்கை உடைக்கிறான் என்று நினைத்து, அவை வந்தவுடனேயே குப்பைக்குப் போகும்படி செய்து வைத்திருந்தான்.

குப்பையைத் திறந்தான். வரிசையாகக் கிடந்தன. கடைசி மெயில் வந்து மூன்று நிமிடம். பழைய இணைப்புகள் இனி வேலை செய்யாது. கடைசியைத் திறந்தான்.

“வந்திட்டுது. புது பாஸ்வேட் அடியுங்கோ. நான் அங்கால பாக்கிறன்.”

அவள் அடித்தாள். திகதியைத் தெரிவுசெய்தாள். மூன்று நாற்பத்தொன்றுக்குத் திரையில் பச்சை எழுத்து. உறுதிசெய்யப்பட்டது.

“மாதாவே...” கதிரையில் அப்படியே சாய்ந்தாள். கண்ணும் நிறைந்து, சிரிப்பும் வந்து... “படிச்ச பிள்ளைக்கு ஒரு மெயில் எடுக்கத் தெரியேல்லை எண்டு அப்பா ஒரே பேச்சு. நானும் என்ர மடத்தனம் எண்டுதான் நினைச்சனான். எங்க நிண்டது அது?”

தளத்தில் ஏதோ கோளாறு என்று சொன்னால் போதும். அவள் நன்றி சொல்லிச் சிரித்துக்கொண்டே போவாள். அந்தச் சிரிப்புக்காக ஒரு பொய் சொல்லலாமா... நாக்கு வரை வந்தது.

“என்னட்ட நிண்டது,” என்றான். “உங்கட விண்ணப்பத்துக்குக் கடை மெயிலைப் போட்டது நான்தான். வந்ததையெல்லாம் குப்பைக்கு அனுப்பினதும் நான்தான்.”

சிரிப்பு அணைந்தது. எழுந்து மழைக்குள் இறங்கினாள்.

மில்ரன் நின்றான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன். வீதிக்கு அந்தப் பக்கம், பஸ் தரிப்பிடத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். இப்போது போகாவிட்டால்... ஓடினான்.

“பிழை என்ரதான். உங்கட அப்பாட்டயும் வந்து சொல்லுறன்.”

“நானாட்டானுக்கோ? இந்த மழைக்கயோ?”

“ஓம்.”

“மகளுக்கு மடத்தனம் இல்லை எண்டு சொல்லவோ?”

“ஓம்.”

“வேற ஒண்டும் சொல்ல இல்லையோ?”

திரும்பினாள். அந்தக் கண்களில் கோபம் பாதிதான் மிச்சமிருந்தது. மறு பாதியில்... அவன் மூச்சை இழுத்தான்.

“இருக்கு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. கண்டு ஒரு மணித்தியாலமும் ஆகேல்லை. தெரியும். ஆனா பிடிச்சிருக்கு.”

மழை இரைந்தது. மன்னார் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தகரத்தில் தட்டினான். அவள் ஏறவில்லை.

“எத்தினை மெயில் கிடந்தது?”

“பத்தொன்பது.”

“பத்தொன்பது தரம் உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறன் போல...” குரல் தாழ்ந்தது. “ஞாயிறு பூசை முடிய வீட்டை வாங்கோ. அப்பா நிப்பார். முதல்ல மெயில் கதையைச் சொல்லுங்கோ... மற்றதை நான் சொல்லுறன்.”