நகராத தோல்

அவன் முதுகுத் தோல் நகரவில்லை.

மகள் சிட்டுவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து, கணவனின் தோள்பட்டைக்குத் தைலம் தேய்க்க நின்றபோதுதான் அவள் விரலுக்கு அது தட்டுப்பட்டது. அவள் பிசியோதெரபிஸ்ட். உறைந்துபோன தோள், பிடித்துக்கொண்ட கழுத்து, வாதத்தில் விழுந்த கை என்று வருஷக்கணக்காக அடுத்தவர் உடம்பைப் பிடித்து வந்தவள். யார் முதுகிலும் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினால் எழும்பி வரும். உள்ளங்கையால் தள்ளினால் கொஞ்சம் நழுவிப் போய்விட்டுத் திரும்பி வரும். தோலுக்கும் தசைக்கும் நடுவில் பஞ்சுபோல ஒரு மெல்லிய திசு இருக்கிறது. இணைப்புத் திசுவிலேயே சாதுவானது அதுதான். இரண்டையும் சேர்த்தும் பிடித்திருக்கும், நழுவவும் விடும். அவன் முதுகில் அது நழுவ விடுவதை நிறுத்தியிருந்தது. கிள்ளினாள், வரவில்லை. தள்ளினாள், பலகையில் இழுத்துக் கட்டிய தோலைத் தள்ளுவதுபோல விரல்தான் வழுக்கியது.

வலிக்கிறதா என்று கேட்டாள்.

"இல்லையே டாக்டரு. இதமாத்தான் இருக்கு."

அவளை டாக்டர் என்று கூப்பிடுவது அவனுடைய பழைய கிண்டல். ஆனால் இதமாக இருக்கிறது என்று அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை. லாரி ஓட்டுகிறவன். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆக்ஸிலேட்டரில் இருப்பதுபோல ஆடிக்கொண்டே இருக்கும். தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து பாரத்தின் மேலிருந்து விழுந்ததில் தோள் விலகியது. எலும்பு டாக்டர் அதைச் சரிசெய்து, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார். படுத்தால் தோள் குத்துகிறது என்று ஜன்னலோரத்துச் சோபா நாற்காலியிலேயே இருந்தான், அதிலேயே தூங்கினான். முதல் வாரம் முழுக்க எழுந்திருக்க வேண்டும் என்று அடம்பிடித்தான். அப்புறம் எப்போதிலிருந்து அடம்பிடிக்கவில்லை என்று அவளுக்கு நினைவில்லை. அந்தக் காலும் ஆடுவதை நிறுத்தியிருந்தது.

எலும்பு டாக்டரைக் கூட்டிவந்து காட்டினாள். அவரும் கிள்ளிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். தோல் இறுகிப்போகிற வியாதி ஒன்று உண்டு, உடம்பிலுள்ள இணைப்புத் திசுவே தடித்துக் கெட்டிப்படும், ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு மனசு கொஞ்சம் லேசானது. பெயர் இருக்கிற எதையும் பிடித்துச் சரிசெய்துவிடலாம் என்பது அவள் நம்பிக்கை.

பனியனைக் கழற்றும்போது அந்த நம்பிக்கை போனது.

துணி முதுகில் ஒட்டியிருந்தது. புண் எதுவும் இல்லை, சீழ் இல்லை, வேர்வைகூட இல்லை. வெந்நீரில் துணியை நனைத்து ஓரத்திலிருந்து மெல்ல உரித்தாள். கோழிக்கறியில் தோலை இழுக்கும்போது நடுவில் ஒரு வெள்ளைச் சவ்வு இழுபட்டு இழுபட்டு அறுமே, அந்தச் சத்தம் வந்தது. பனியனின் உள்பக்கம் முழுக்கச் சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள். நடுநடுவே மஞ்சளாகச் சில. வெள்ளை இழையை இழுத்தாள். நீளவில்லை, விரலை வெட்டுவதுபோல நின்றது. மஞ்சளை இழுத்தாள், நீண்டது, விட்டதும் சுருங்கி அவன் முதுகுக்கே ஓடிப்போனது. முதலாம் ஆண்டில் படம் வரைந்து படித்ததுதான். வெள்ளை நார் தாங்கும், மஞ்சள் நார் இழுபடும். அன்றைக்கு அது வெறும் பரீட்சைக் கேள்வி. அதெல்லாம் உடம்புக்குள்ளே இருக்க வேண்டியவை. துணியில் என்ன வேலை?

அன்றிலிருந்து அவனை அசைத்தபடியே இருந்தாள். அசையாமல் வைத்த மூட்டு ஒட்டிக்கொள்ளும் என்று தினம் தினம் நோயாளிகளிடம் சொல்கிறவள்தானே. கிளினிக்குக்கு லீவு போட்டாள். கையைத் தூக்கினாள், காலை மடக்கினாள், அக்குளில் தோள் கொடுத்து எழுப்பி அறைக்குள் நடத்தினாள். ஒவ்வொரு தடவையும் நாற்காலியிலிருந்து அவன் எழும்போது கூடவே மெல்லிய சத்தம் ஒன்றும் எழுந்தது, பசை காய்ந்த காகிதத்தைப் பிரிப்பதுபோல. ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. அறையில் ஒரு வாசனையும் சேர்ந்திருந்தது. எலும்பை வெகுநேரம் கொதிக்கவிட்ட தண்ணீர் ஆறினால் வருமே, அந்தப் பிசுபிசுப்பான வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் திரைச்சீலைக்குள்ளேயே தங்கியது.

அவனுக்கோ எதுவும் பொருட்டாக இல்லை. "எத்தனை வருஷம் ஓடிட்டேன். இப்பத்தான் உடம்பு ஒரு இடத்துல நிக்குது. விடேன்," என்றான். அப்புறம், "நீயும் வந்து கொஞ்சம் உக்காரேன்."

அவள் உட்காரவில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் அவன் நெஞ்சில் கையை வைத்து, மூச்சு சரியாக ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடி நின்றவள், களைப்பில் கொஞ்சம் கண்ணை மூடிவிட்டாள். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. அவன் நெஞ்சு சூடாக இருந்தது. அந்தச் சூடு உள்ளங்கை வழியாக ஏறி, முழங்கை, தோள் என்று இதமாகப் பரவியது. பல நாளாக இல்லாத நிம்மதி. விட மனசில்லை. கீழே வேன் ஹாரன் அடித்தது. சிட்டுவை அழைத்துவரக் கிளம்ப வேண்டும் என்று கையை எடுத்தபோது, கை வரவில்லை.

இழுத்தாள். அவன் நெஞ்சுத் தோல் கூடாரம்போலக் கையோடு எழும்பியது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துப் பிய்த்தாள். உள்ளங்கையில் வெண்பஞ்சு படிந்ததுபோல இழைகள். குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தாள், ரத்தம் கசிகிறவரை தேய்த்தாள். பயத்தைவிட மோசமாக ஒன்று இருந்தது. கையைப் பிய்த்த இடத்தில் அவளுக்குத் தனியாக விடப்பட்டதுபோல ஏக்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. சமையலறையில் கால் மாற்றி மாற்றி நின்றாள். நின்றபடியே சாப்பிட்டாள். தூங்கும்போது புரண்டுகொண்டே இருந்தாள், பக்கத்தில் படுத்திருந்த சிட்டுவையும் புரட்டிப் புரட்டிப் போட்டாள். அப்பாவிடம் போகக் கூடாது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தொட்டால் அவருக்கு வலிக்கும் என்று சொல்லி வைத்தாள். சிட்டுவுக்கு அது விளங்கவில்லை. லாரியிலிருந்து இறங்கி வருகிற அப்பாவின் நெஞ்சில் குப்புறப் படுத்தே வளர்ந்த பிள்ளை. அறை வாசலில் நின்று எட்டிப் பார்க்கும். அவன் உள்ளேயிருந்து சிரிப்பான்.

"குட்டிய ஏன் வெரட்டுற? சும்மா வந்து சாயட்டுமே."

மழை பிடித்துக்கொண்ட அன்றைக்கு மதியம் அவனை எழுப்ப முடியவில்லை. அக்குளில் தோள் கொடுத்துத் தூக்கினாள். நாற்காலியும் சேர்ந்து எழும்பியது. போர்வையை விலக்கினாள். அவன் முதுகு எங்கே முடிகிறது, சோபாத் துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இழைகள் இப்போது இழைகளாக இல்லை. குதிகாலுக்கு மேலே தசைநாண் இருக்குமே, அந்தத் தடிமனில், அந்தப் பளபளப்பில், வரிசை வரிசையாக. கத்தரியால் துணியைக் கிழித்து ஸ்பாஞ்சுக்குள் கையை விட்டாள். உள்ளே இளஞ்சூடாக இருந்தது. கொழுப்பு வழவழவென்று விரலை நனைத்தது. இன்னும் உள்ளே, காது மடல்போல வளைந்து கொடுக்கிற ஒன்று. குருத்தெலும்பு. அதற்கும் பின்னால், வளையாத ஒன்று.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாணை வெட்டினாள். ரத்தம் வந்தது.

நாற்காலிப் பக்கத்திலிருந்து வந்தது.

அவன் கண்ணைத் திறக்காமல், "மெதுவா, டாக்டரு," என்று மட்டும் சொன்னான்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். சாலையில் தண்ணீர் நிற்கிறது, சுற்றித்தான் வர முடியும், உங்கள் தெரு எங்களுக்குப் பிடிபடாது, முனையில் வந்து யாராவது நில்லுங்கள் என்றார்கள். மழைக்காகப் பள்ளிக்கூடம் சீக்கிரமே விட்டு வந்திருந்த சிட்டுவைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொண்டுபோய் விட்டாள். மேலே மட்டும் அனுப்பாதீங்க அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பிடித்தோம் என்று தெரிந்ததும் சட்டென்று விட்டாள். குடையை எடுக்க மறந்து ஓடினாள்.

தெருமுனையில் ஆம்புலன்ஸ் வரவில்லை. முழங்கால்வரை தண்ணீர். ஒவ்வொரு வண்டி விளக்குக்கும் கையை ஆட்டினாள். நின்ற இடத்திலேயே நடந்தாள். இருட்டிக்கொண்டு வந்தபோது போன் அடித்தது. கீழ்வீட்டு அக்கா. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன், பிள்ளையைக் காணோம், அங்கே உன்கூட வந்துவிட்டதா என்று கேட்டாள்.

திரும்பி ஓடினாள். கீழே அக்கா தெருவில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் படியேறினாள்.

கதவு திறந்திருந்தது. வாசலில் சின்னச் செருப்பு. ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

"சிட்டு?"

உள்ளே இருட்டு. அந்த வாசனை. சுவிட்சைத் தேடினாள். விளக்கு எரிந்தது.

அவன் நெஞ்சில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள் சிட்டு. கன்னம் அவன் கழுத்துக்குழியில். ஒரு கை அவன் தோளைச் சுற்றி. பள்ளிக்கூடச் சட்டையின் பின்பக்கம் மழையில் நனைந்து முதுகோடு படிந்திருந்தது. முதுகு மெல்ல ஏறியது, இறங்கியது. அவன் நெஞ்சும் ஏறியது. இறங்கியது.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

இரண்டு பேரும் அலறினார்கள். ஒரே குரலில். ஒரே கணத்தில் தொடங்கி, அவள் கையை எடுத்ததும் ஒரே கணத்தில் நின்றது.

மண்டியிட்டாள். கன்னத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் விளிம்பு இருக்க வேண்டும். தேடினாள். விரல் பிள்ளையின் கன்னத்தில் தொடங்கி, எங்கும் தடுக்காமல், அவன் கழுத்தில் போய் நின்றது.

கத்தரி மேசைமேல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்தாள். சின்ன மணிக்கட்டைப் பிடித்தாள். பெரிய மணிக்கட்டைப் பிடித்தாள். பிள்ளைகளுக்கு நாடி வேகமாக ஓடும். ஓட வேண்டும். இந்த விரலிலும் அந்த விரலிலும் அடித்தது ஒரே நாடி. நிதானமாக.

தூரத்தில் சைரன் கேட்டது. தெருவுக்குள் திரும்பியது. கீழே அக்கா யாரையோ கூப்பிட்டாள்.

சிட்டு கண்ணைத் திறந்தாள். பயமே இல்லாத கண்.

"அம்மா, தண்ணி."

டம்ளரை எடுத்தாள். தண்ணீர் மொண்டாள். பிள்ளையின் உதட்டில் வைத்தாள். சிட்டு குடித்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். குழந்தையின் தொண்டை அசையவில்லை. மேலே, அவன் தொண்டை முடிச்சு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது.

டம்ளரில் இன்னும் தண்ணீர் இருந்தது. சிட்டுவின் வாய் திறந்தபடியே இருந்தது. கண்ணை மூடியிருந்த அவன், தன் குரலில், சொன்னான்.

"போதும், அம்மா."