வலது பக்கத்து மூச்சு

மூச்சை அடக்கிப் படுத்திருந்தபோதும் பாட்டிலுக்குள் தண்ணீர் ஏறி இறங்கியது.

கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தார் நீச்சல் பயிற்சியாளர். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் மதியம். வலது நுரையீரலில் காற்றுக் கொப்புளம் வெடித்திருந்தது. நெஞ்சைப் பிளக்காமல், விலாவில் விரல் அகலத்துக்கு மூன்று துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, திரையைப் பார்த்தபடியே வெட்டித் தைத்துவிட்டார்கள். ஒரு துளையில் குழாய் செருகியிருந்தது. மறுமுனை கட்டிலடியில், பாட்டில் தண்ணீருக்குள். மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

மருந்து நெடியும், யாரோ உரித்த ஆரஞ்சின் வாசனையும், தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிரீச்சொலியும் கலந்து கிடந்த அந்த வார்டில், புரண்டு படுக்கவும் முடியாமல், தூங்கவும் பிடிக்காமல், அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். குளத்தில் இரண்டு நிமிடம் மூச்சடக்கும் ஆள். இப்போது நாற்பது வினாடிதான் முடிந்தது. அந்த நாற்பது வினாடியில் தண்ணீர் ஐந்து முறை ஏறி இறங்கியது. நிதானமாக. அயர்ந்து தூங்குகிறவரின் மூச்சைப் போல.

நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார். இதயத் துடிப்புக்குக்கூட லேசாக ஆடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். லேசாக ஆடவில்லை. ஒரு சாண் ஏறியது.

மறுபடி அடக்கினார். இந்த முறை தண்ணீரும் நின்றது. அப்பாடா என்று மூச்சை விட்டார். தண்ணீர் அசையவில்லை. இழுத்தார். அசையவில்லை.

அது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

பார்வையாளர் நேரத்தில் மனைவி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஊர்ப் பசங்களையெல்லாம் தண்ணியில தள்ளிவிடுற ஆளு, ஒரு பாட்டில் தண்ணிக்குப் பயப்படுறீங்களே."

"காதை வச்சுப் பாரு. இந்தப் பக்கம்."

விளையாட்டாகத்தான் குனிந்தாள். அவள் கன்னம் விலாவில் சில்லென்று பட்டது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"மூச்சை நிறுத்துங்க."

நிறுத்தினார்.

அவள் காதை எடுக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் தணிந்த குரலில் பேசுவதைக் கேட்பதுபோல் புருவம் நெரிய உற்றுக் கேட்டாள். ஒருமுறை தலையாட்டினாள். மறுபடியும்.

"என்ன கேக்குது?"

அவள் காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.

"சரி," என்றாள். அவரிடம் அல்ல. விலாவிடம்.

அவள் நகம் குழாயைச் சுற்றியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பியது. வலிக்கக்கூடாதே என்பதுபோல, மெதுவாக. அவர் கத்த வாயைத் திறந்தார். கத்துவதற்கு மூச்சு அவரிடம் இல்லை.

கட்டிலடியில், தண்ணீர் குழாயின் உச்சிவரை ஏறி, இறங்காமல் நின்றது.