திருத்தி வாசித்த சீட்டு

மனோகரி கதவைத் திறக்கும்வரை அழைப்பு மணியில் வைத்த விரலைச் சிவானுஜா எடுக்கவேயில்லை.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ட்ராம்களில் தொலைந்த பொருள்களைச் சேர்த்து வைக்கும் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவர் மனோகரி. குடை, பல்செட்டு, ஒருமுறை உயிருள்ள ஆமை என்று எல்லாவற்றையும் உரியவரிடம் சேர்த்தவர். அதனால் அங்குள்ள தமிழர்கள் எதைத் தொலைத்தாலும் அவரிடம்தான் ஓடி வருவார்கள். அன்று மேல்மாடி அருட்செல்வன் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். திருநெல்வேலிக்காரன், மருந்துக் கம்பெனியில் வேலை. துப்புத் துலக்குவது என்றால் சோற்றையும் மறந்துவிடுவான்.

"அன்ரி, நாலு மணிக்கு நாடகம். கெவேர் ஆறையும் காணேல்ல!" என்றாள் சிவானுஜா.

கெவேர் என்றால் துப்பாக்கி என்று அருட்செல்வனுக்குத் தெரியும். சிவானுஜா இங்கேயே பிறந்தவள். அவசரத்தில் சுவிஸ் ஜெர்மன்தான் முந்திக்கொண்டு வரும். இலங்கையில், வாகரையில் ஒரு பாலர் பள்ளிக்குக் கூரை போட நிதி சேர்ப்பதற்காகப் பதினான்கு பிள்ளைகளை வைத்துச் சமாதான நாடகம் போடுகிறாள். கடைசிக் காட்சியில் ஆறு சிப்பாய்கள் அட்டைத் துப்பாக்கிகளைப் புறாவின் காலடியில் வைக்க வேண்டும். மூன்று மாத ஒத்திகையும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

"நாடகச் சாமான் பெட்டிக்குள்ள இது கிடந்தது. எனக்குக் கையெழுத்துத் தமிழ் வாசிக்க வராது."

அருட்செல்வன் பாய்ந்து சீட்டை வாங்கினான். நீலப் பேனாவில் இரண்டே சொற்கள்: "துவக்கு வேண்டாம்."

இங்கே பிறந்த பிள்ளை யாரோ 'க்க' போட வேண்டிய இடத்தில் 'க்கு' போட்டிருக்கிறது என்று நினைத்து, திருத்தியே வாசித்தான். "துவக்க வேண்டாம்! நாடகத்த ஆரம்பிக்கக் கூடாதுன்னு மிரட்டுறாங்க, மேடம்!"

சிவானுஜாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவன் சீட்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, "தடயம்" என்று சட்டைப்பையில் பத்திரப்படுத்தினான். மனோகரி பருப்புச் சட்டியை மூடிவிட்டுக் கோட்டை மாட்டினார்.

நாடகம் நடக்கும் மண்டபத்தின் பின்வாசலில் ஓர் அட்டைக் கட்டு இடறி அருட்செல்வன் விழப் பார்த்தான். பழைய அட்டைப் பெட்டிகளை மடித்து, கயிற்றுக்குப் பதிலாக வெள்ளைத் துணிப்பட்டியால் குறுக்கும் நெடுக்குமாக யாரோ அழகாகக் கட்டியிருந்தார்கள். மனோகரி குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"அட்டை எடுக்கிற லொறி எப்ப வரும், பிள்ளை?"

"புதன்கிழமை. இப்ப அதுவோ முக்கியம், அன்ரி?"

உள்ளே மண்டபச் செயலாளர் அரசரத்தினம் கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தார். "நான் அண்டைக்கே சொன்னனான், அடுத்த மாதம் வையுங்கோ எண்டு!" சிப்பாய்களில் ஒருவனான அபிஷனின் அப்பா தவச்செல்வன், முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்துவிட்டு நேரே வந்து, சனம் உட்காரும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேடையில் பெட்டி திறந்தே கிடந்தது. கிரீடமும் புறாவின் சிறகுகளும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"செயலாளர்தான், மேடம்," என்று அருட்செல்வன் கிசுகிசுத்தான்.

"அரசரத்தினம் அண்ணை கடிதம் எழுதினா மூண்டு பிரதி எடுத்து முத்திரையும் குத்துவார்," என்ற மனோகரி, எல்லாரையும் மேடையோரம் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நாடகத்தை நிப்பாட்ட நினைக்கிற ஆள் எதை எடுக்கும்? சிறகை. ஒரு சோடிதான் இருக்கு, தைக்க ஒரு மாதம் எடுத்தது. அட்டையில ஆறு வெட்ட அரை மணித்தியாலம் போதும். எடுத்தவருக்கு நாடகத்தோட கோபம் இல்லை. தம்பி, அந்தக் கடுதாசித் துண்டை எடும். திருத்தாமல் வாசியும்."

"துவக்கு... வேண்டாம்."

"உங்கட ஊரில துப்பாக்கி. எங்கட ஊரில அதுக்குப் பேர் துவக்கு."

அரசரத்தினம் கையை இறக்கினார். அருட்செல்வனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு மனிதர் பிழையில்லாமல் எழுதியதைத் தானல்லவா பிழையாக்கினோம் என்று வெட்கமாக இருந்தது.

"பின்வாசல்ல ஒரு கட்டு கிடக்கு," என்று மனோகரி மெல்லத் தொடர்ந்தார். "ஆறும் அதுக்குள்ளதான். லொறி வர இன்னும் நாலு நாள், இப்பவே ஆர் கட்டி வைப்பினம்? கட்டினது கயிறில்லை, காயத்துக்குச் சுத்துற பண்டேஜ். முடிச்சும் பண்டேஜுக்குப் போடுற முடிச்சுத்தான். உடுப்புப் பையில அதோட திரியிற வேலை இங்க ஒராளுக்குத்தான். என்ன, தவம்?"

தவச்செல்வன் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு கிழமையா அபிஷன் கண்ணாடிக்கு முன்னால நிண்டு குறி பார்க்கிறான், அக்கா. நல்லா நடிக்கிறான். என்ட தம்பியும் அதே உயரத்திலதான் அதைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனவன். திரும்பி வரேல்ல. என்னால பார்க்க ஏலாமப் போச்சு. நாடகம் நடக்கட்டும், அது மட்டும் வேண்டாம் எண்டுதான் எழுதினன். சிவானுஜாப் பிள்ளைக்கு இதை வாயால எப்பிடிச் சொல்லுறது?"

சிவானுஜா பின்வாசலுக்கு ஓடினாள். கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவளின் முகத்தில் கோபம் இல்லை.

"இதை அவிழ்க்க மாட்டம், அங்கிள். பொடியள் வெறுங்கையோட நடிக்கட்டும். கடைசியில இந்தக் கட்டை அப்பிடியே ஆறு பேரும் தூக்கி வந்து புறாவுக்கு முன்னால வைப்பினம். பண்டேஜோட."

சிப்பாய் உடுப்பில் வந்து நின்ற அபிஷனுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பதினொரு வயதுக்காரன் அல்லவா! அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு முடிச்சை இழுத்துப் பார்த்து, "அப்பா, இது தூக்கேக்க கழராதோ?" என்று கேட்டான்.

"கழராது," என்றார் தவச்செல்வன். கண்ணைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

நாலு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. விளக்குப் பொத்தானில் கை வைத்தபடி அருட்செல்வன் காத்திருந்தான். திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த சிவானுஜா, முன்வரிசையில் இருந்த தவச்செல்வனிடம் மட்டும் கேட்டாள்.

"அங்கிள், துவக்கட்டோ?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஓம், பிள்ளை. துவக்கு."

இந்தமுறை அருட்செல்வன் எதையும் திருத்தவில்லை. விளக்கைப் போட்டான்.