கோகிலவாணியின் நிழலி ஏன் திரும்பி வந்தது?

காலை ஒன்பது மணிக்கு நகர நிழல் நிலையத்தில் கோகிலவாணி அன்றைய முதல் கிறுக்கைத் திறந்தாள். சிங்காநல்லூரில் ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர் புதன்கிழமைதோறும் ரயில் நிலையத்துக்குப் போகிறார். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்புகிறார். வழியனுப்பவும் ஆளில்லை, வரவேற்கவும் ஆளில்லை. காரணம் தேட மூன்று நிமிடம் கெடு. கிடைக்கவில்லை. அந்தப் பதிவைத் துடைத்தாள்.

கிறுக்கு என்பது அலுவலகத்தின் செல்லப்பெயர். ஆவணங்களில் அதற்கு ‘காரணமறியா நடத்தை’ என்று மிடுக்கான பெயர் உண்டு. கோயம்புத்தூரில் ஒவ்வொருவருக்கும் கணினிக்குள் ஒரு நிழலி இருந்தது. அவர் ஏறுகிற பஸ், வாங்குகிற காய்கறி, பேசுகிற பேச்சு எல்லாம் சேர்ந்து உருவான டிஜிட்டல் இரட்டை. படிப்போ வேலையோ புதுச் சட்டமோ, எதையும் முதலில் நிழலி வாழ்ந்து பார்க்கும். அதற்கு முன்னோட்டம் என்று பெயர். நிழலி தேறினால்தான் ஆளுக்கு அனுமதி. கிறுக்குகள் இருந்தால் முன்னோட்டம் தள்ளாடும், ஆகவே அவற்றை நிழலிகளிலிருந்து துடைக்க ஆள் வைத்திருந்தார்கள். கோகிலவாணி பதினாறு வருடமாகத் துடைக்கிறாள். அவள் கைபட்ட வார்டுகள் பளிச்சென்று இருக்கும் என்று பேர் வாங்கியவள்.

அவளுக்குத்தான் நாற்பத்தோரு வயதில் ஆசை வந்தது. சட்டங்களை நிழலிகள் வாழ்ந்து பார்ப்பதைத் தினமும் பார்க்கிறாள். அந்தச் சட்டங்களை யார், எங்கே உட்கார்ந்து, எதற்காக யோசிக்கிறார்கள்? நைரோபிக் கல்லூரி ஒன்றில் பொதுக்கொள்கை முதுகலை படிக்க விண்ணப்பித்தாள். பதில் அன்று பத்து மணிக்கு வந்தது.

‘உங்கள் நிழலி நூறு முன்னோட்டங்களில் தொண்ணூற்றேழு முறை இரண்டாம் பருவத்திலேயே படிப்பை விட்டுப் பழைய வேலைக்குத் திரும்பியது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீடு செய்ய இன்று மாலை ஐந்து மணி வரை அவகாசம்.’

கோகிலவாணிக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு கேள்வியும் வந்தது. அப்படி என்னதான் நடந்து என் நிழலி திரும்பி வருகிறதாம்?

தன் நிழலியைத் தானே தொடக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் அவளுடைய வார்டு பக்கத்து மேஜை அபுதாகிரிடம் இருந்தது, அவனுடையது அவளிடம். இருவரும் ஒன்றாக டீ குடிப்பவர்கள். ஒருவர் நிழலியைப் பற்றி இன்னொருவர் மூச்சுவிடுவதில்லை. அதுவும் ஒரு மரியாதை.

“அபு, என் நிழலியில எத்தனை கிறுக்கு தொடச்சிருக்கே?”

அவன் நெளிந்தான். “இருநூத்திப் பன்னண்டுங்க்கா.”

“என்னென்ன?”

“உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வார்டுக் கூட்டத்துல போயி உக்காந்திருக்கீங்க. மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டே பழைய சட்டசபைப் பேச்சு படிக்கறீங்க. பள்ளிக்கூடத்தை ஏன் இடம் மாத்துனீங்கன்னு எவனோ அதிகாரிக்கு ஒம்பது கடுதாசி. உங்களுக்குப் பள்ளிக்கூடம் போற குழந்தைகூட இல்லீங்களே. மூணு நிமிசம் தேடுனேன், காரணம் சிக்குலீங்க. சிக்காட்டித் தொடைன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

உண்மைதான். அத்தனையும் போன பிறகு மிஞ்சியது ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற ஒரு பெண். அந்தப் பெண்ணை நைரோபிக்கு அனுப்பினால் திரும்பி வராமல் என்ன செய்வாள்?

“தொடச்சதைத் திருப்பிப் போட்டுறலாமுங்க,” என்றான் அபு தணிந்த குரலில். “அஞ்சு நிமிச வேலை. ஆருக்குத் தெரியப்போவுது?”

அவள் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பதினாறு வருடப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. தான் துடைத்த வார்டுகளில் தொழில் மாறவோ வெளிநாடு போகவோ விண்ணப்பித்து, ‘திரும்பி வந்துவிடுவார்’ என்று நிராகரிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தேடினாள். மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு. கோயம்புத்தூர்க்காரர்கள் நிலையானவர்கள், ஊரைவிட்டு நகரமாட்டார்கள் என்று மேயர் மேடைக்கு மேடை பெருமையடிப்பார். அந்தப் பெருமையை உட்கார்ந்து தயாரித்தவள் அவள்தான்.

பட்டியலின் நடுவில் ஒரு பெயர் இருந்தது. அபுதாகிர். கப்பல் மாலுமிப் படிப்பு, பினாங்கு. ஏழு வருடத்துக்கு முந்தைய விண்ணப்பம்.

மற்றவர்கள் விஷயத்தை நைரோபி போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாமே என்று மனசு பேரம் பேசியது. நல்ல பேரம்தான். ஆனால் அதற்கு, தன் கிறுக்குகளைத் திருப்பிப் போடச் சொல்லி இந்த அபுவிடமே கேட்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க அவளால் முடியவில்லை.

மேல்முறையீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். நாலே முக்காலுக்குப் பதில் வந்தது. துடைக்கப்பட்டவை என்பதால் நகரத்தின் நிழலிகள் எல்லாம் செல்லாது. புதிதாக உருவாக்க இரண்டு வருடம் ஆகும். அதுவரை இங்கிருந்து எந்த விண்ணப்பமும் ஏற்கப்படாது. அவளுடைய இடம் வேறொருவருக்குப் போயிற்று.

பிறகு அவள் அபுவைக் கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டினாள். அவன் தன் பெயரின்மேல் விரலை வைத்தான்.

“என் நிழலியில எதைத் தொடச்சீங்க?”

“லீவு நாளானா வாலாங்குளத்துக்குப் போயி, பொழுது சாயற வரைக்கும் படகையே பாத்துக்கிட்டு நிப்பே. எனக்குக் காரணம் கெடைக்குல, அபு. தப்புப் பண்ணீட்டேன்.”

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“ரெண்டு வருசங்கழிச்சு எனக்கு முப்பத்தாறு ஆயிருமுங்க,” என்றான். “மாலுமிப் படிப்புக்கு வயசு வரம்பு ஏதாச்சும் இருக்குதுங்களாக்கா?”