திரும்பச் சொல்லுங்க

நல்ல மதிய வெயிலில்தான் அவள் பயிற்சிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். பேய்க்கும் அந்த நேரத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. லிப்ட் பழுது. படியேறி மூச்சு வாங்க நின்றபோது, சிமுலேட்டர் வாசலில் சட்டாம்பிள்ளை காத்திருந்தார். தலைமை விமானியை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"வாம்மா. தம்பி விஷயத்தை மனசுல வெச்சுக்காத. எனக்கும் அவன் பிள்ளை மாதிரிதான்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளைப் போலவே தம்பியும் துணை விமானி. கடலுக்கு மேலே பறக்கும்போது வழி சொல்ல மரமா, மலையா, ஒன்றும் கிடையாது. புள்ளிக்குப் புள்ளி அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்தான் பாதை. ஒருவர் அவற்றைக் கணினியில் தட்டுவார். மற்றவர் வரைபடத்தை விரித்து, ஒவ்வோர் எண்ணாகத் தானே ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் டிக் போட வேண்டும். அட்சரேகையில் ஒரு டிகிரி பிசகினால் அறுபது கடல் மைல் விலகல். தம்பியின் விமானம் அப்படி விலகித்தான், ஒதுங்கிப் போக வேண்டிய புயலுக்குள் நேராகப் போய்க் கடலில் விழுந்தது.

துணை விமானி சரிபார்க்கவில்லை என்று விசாரணையை முடித்தார்கள். சரிபார்க்க விட்டால்தானே! "நேரம் வீணாகுதாம்க்கா, ரெண்டாவது ஆள் டிக் மட்டும் போட்டா போதும்ங்கறார் அந்தாளு" என்று தம்பி வீட்டில் எத்தனை தடவை கத்தியிருக்கிறான். எல்லாம் வாய்மொழி உத்தரவு. அப்படிச் சொல்லவே இல்லை என்று விசாரணையில் சாதித்துவிட்டார் சட்டாம்பிள்ளை. செத்தவன் எழுந்து வந்து மறுத்தா பேசுவான்?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "அத்தனை பேரைக் கொன்னவனைப் பெத்தவ" என்று கடைக்காரன் காதுபடச் சொன்ன நாளிலிருந்து அம்மா வாசலைத் தாண்டுவதில்லை. தம்பியின் பேரைத் துடைத்து அம்மாவைத் தெருவில் நடக்க வைக்க வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அதே நிறுவனத்தில் இருந்தாள்.

சிமுலேட்டர் என்பது இரும்புக் கால்களில் நிற்கும் பெரிய பெட்டி. உள்ளே அச்சு அசலாக விமானி அறை. கண்ணாடிக்கு வெளியே ஓடுவதெல்லாம் திரையில் காட்டும் கடல். ஏறியதும் சின்னப் பாலத்தைத் தூக்கிவிடுவார்கள். பிறகு இறங்க வழியில்லை. இன்று அவளுக்குக் கடல்மேல் பறப்பதற்கான தேர்வு. இடது இருக்கையில் சட்டாம்பிள்ளை, வலதில் அவள், பின்னால் பொத்தான்களோடு பொறியாளர்.

சட்டாம்பிள்ளை எண்களைத் தட்டினார். அவள் வரைபடத்தை விரித்தாள்.

"வாசிங்க சார். நான் சரிபார்க்கறேன்."

"எதுக்கு? நான் பார்த்துட்டேன். டிக் போடு, போதும்."

அதே வார்த்தை! கொஞ்சம்கூடக் கூசாமல், அவளிடமே! பேனாவால் அந்த ஆளைக் குத்திவிடலாம் போலிருந்தது.

"போட மாட்டேன்."

"போடலைன்னா தேர்ச்சி கிடையாது."

அப்போது ஹெட்போனில், இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல்.

"அடுத்த புள்ளி. வாசிங்க சார்."

இருவரும் பின்னால் திரும்பினார்கள். பொறியாளர் வாய் நிறைய பிஸ்கட்டோடு விழித்தார்.

"நான் பேசலையே."

உப்பு வாடை அடித்தது. நாள்கணக்கில் தண்ணீரில் ஊறிய துணியின் வாடையும் கூடவே வந்தது.

"நிறுத்துய்யா இதை!" என்று கத்தினார் சட்டாம்பிள்ளை.

பொறியாளர் பொத்தானை அழுத்தினார். விளக்குகள் அணைந்தன. கருவிகள் அணைந்தன. கண்ணாடிக்கு வெளியே கடல் மட்டும் அணையவில்லை.

அது மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"பாலத்தை இறக்கு!"

"இறங்க மாட்டேங்குது சார்..."

அவள் கணுக்கால் சில்லிட்டது. குனிந்து பார்த்தாள். தண்ணீர்.

பக்கத்து இருக்கையில் அவருக்கு மார்பு வரை நின்றது.

"ரெண்டாவது ஆள் டிக் போட்டா போதும்னு நான்தான் சொன்னேன்" என்றது குரல். "திரும்பச் சொல்லுங்க."

வானொலியில் வருவதைக் கேட்டவர் அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். மறுமுனை 'சரி' என்னும்வரை விடக்கூடாது. விமானிகளின் பாலபாடம் அது. குரலை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. சொல்லட்டும். அந்த வாயாலேயே சொல்லட்டும்.

"அவன் செத்துட்டான்... அவன் செத்துட்டான்..."

தண்ணீர் அவர் மோவாயைத் தொட்டது.

"திரும்பச் சொல்லுங்க."

"நான்தான் சொன்னேன்! ரெண்டாவது ஆள் டிக் போட்டா போதும்னு நான்தான் சொன்னேன்!"

பளிச்சென்று விளக்குகள் எரிந்தன. தரை காய்ந்து கிடந்தது. பாலம் தானாக இறங்கியது.

மறுமுனை மட்டும் 'சரி' என்று சொல்லவில்லை.

வெளியே வந்ததும் சட்டாம்பிள்ளை டையைச் சரிசெய்துகொண்டார். "மெஷின் கோளாறு. நீங்க ரெண்டு பேரும் எதையும் கேக்கலை. புரியுதா?"

பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் எதையும் கேக்கலை சார். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"தூ! நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்றாள் அவள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கூட்ட அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இயக்குநர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "சார், எல்லாரும் வந்தாச்சு, உங்களுக்குத்தான் வெயிட்டிங்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"ரெண்டாவது ஆள் டிக் போட்டா போதும்னு நான்தான் சொன்னேன்."

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு வழியாக மறுபடி அதே வார்த்தை. இன்னும் சத்தமாக. இயக்குநர்கள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் தடுமாறி வந்து அவள் கையைப் பிடித்து, அந்த வார்த்தைக்கு நடுவே திணறித் திணறிச் சொன்னார்.

"சரின்னு... சொல்லிடும்மா... உன் கால்ல விழறேன்..."

"நான் சொல்லி என்ன சார் ஆகும்? கேட்டவன்தான் சொல்லணும்."

கையை உதறிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, செருப்பை மாட்டு. ஆட்டோ பிடிச்சு உடனே வா. நான் சொன்னா நம்ப மாட்ட, நீயே வந்து கேளு."

சட்டாம்பிள்ளை அதற்குள் பேச்சை நிறுத்தியிருந்தார். ஹெட்போன் போட்டவர் மாதிரி தலையைச் சாய்த்து, எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வெறும் சுவர்தான். அவளும் காதைக் கொடுத்தாள்.

"சரியா கேக்கலை சார்" என்றான் தம்பி. "திரும்பச் சொல்லுங்க."